நந்தியா, நாசிக்கா, கம்பமா?

எந்த மாதம் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். எந்த ஊர் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். "ஒரு சனி ஞாயிறு மலைப்பக்கம் போகணும், திராட்சைத் தோட்டம் பார்க்கணும், ஒயின் ஆலைக்குள்ளேயும் ஒரு சுற்றுப் போய் வரணும்" என்று கேட்கிற நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். ஆகஸ்டில் நாசிக் போனால் மலையெல்லாம் பச்சை, பாறைக்குப் பாறை அருவி. கொடியில் மட்டும் மருந்துக்கும் ஒரு பழம் இருக்காது. பிப்ரவரியில் போனால் மலை காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும்; தோட்டத்தில் குலை குலையாகப் பழம் தொங்கும், ஆலையில் விடிவதற்கு முன்பே பெட்டி பெட்டியாகத் திராட்சை வந்து இறங்கும். மலையழகும் திராட்சையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதில்லை. இரண்டில் எது முக்கியம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காரணம் கவாத்து. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். நம் பக்கத்து வெயிலில் அது தூங்குவதில்லை. எப்போது துளிர்ப்பது, எப்போது பூப்பது என்பதை விவசாயியின் கத்தரிக்கோல்தான் தீர்மானிக்கிறது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஒயின் திராட்சைக்கு ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. முதல் வெட்டு கொடி வளர. இரண்டாவது வெட்டு காய் பிடிக்க. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகிவிடும் என்பதால், பகலில் வெயிலும் இரவில் குளிரும் இருக்கிற வறண்ட மாதங்களில் பழுக்கும்படி நாள் கணக்கிட்டு வெட்டுகிறார்கள். அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் அறுவடை. கம்பத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு நாளில் கவாத்து நடப்பதால் வருஷம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நான் எடைபோட்டுச் சொல்கிற இடங்கள் மூன்று: பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரம், சஹ்யாத்ரி மலையை ஒட்டிய நாசிக், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு.

இரண்டே நாள் என்றால் நந்தி

சென்னை, வேலூர், சேலம், கோவை வாசிகளுக்கு இரண்டு நாளில் அலைச்சலில்லாமல் முடிவது நந்திதான். மலையுச்சி 1,478 மீட்டர் உயரம். அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கம், குரோவர் ஜாம்பா ஆலை. பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து அதிக தூரமில்லை.

இந்திய ஒயினின் கதையில் இந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தொழிலதிபர் கன்வல் குரோவர், பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்ற நிபுணரைக் கூட்டி வந்து, எந்த மண்ணில் பிரெஞ்சுத் திராட்சை பிழைக்கும் என்று பரிசோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மலையடிவாரம் இது. 1988-ல் நிறுவனம், 1992-ல் முதல் ஒயின். பின்னால் போர்டோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷெல் ரோலான் வந்து சேர்ந்தார். கேபர்னே சோவின்யோனும் ஷிராஸும் கலந்த 'லா ரிசர்வ்' இவர்கள் அடையாளமாக நிலைத்த ஒயின். 2012-ல் நாசிக்கைச் சேர்ந்த ஜாம்பாவோடு இணைந்து இப்போதைய பெயர் வந்தது.

சுற்றிக்காட்டும் முறை எளிமையானது. முன்பதிவு செய்த நேரத்துக்குப் போனால் ஒரு வழிகாட்டி கூட வருவார். கொடி வரிசைகள், பழம் நசுக்கும் எந்திரம், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள், ஓக் மரப் பீப்பாய் அடுக்கிய குளிர் அறை, கடைசியில் மேசையில் வரிசையாகக் கோப்பைகள். கூட்டம் நாசிக்கை விடக் குறைவு. கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல ஆளுக்கு நேரம் இருக்கும். நான் நந்தியைப் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளத் தோதான இடம்.

தோட்டத்தில் நிற்கும்போது ஒன்று செய்து பாருங்கள். அறுவடைக் காலமாக இருந்தால் வழிகாட்டியிடம் கேட்டு ஒரு கறுப்புத் திராட்சையை வாங்கி உள்ளங்கையில் வைத்து நசுக்குங்கள். கைக்கு வருகிற சாறு கறுப்பாகவும் இருக்காது, சிவப்பாகவும் இருக்காது. கொஞ்சம் கலங்கிய தண்ணீர் போல இருக்கும். நிறம் முழுக்கத் தோலில்தான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். சில மணி நேரம் தோலோடு ஊறவிட்டுப் பிரித்தால் ரோஸே. பிழிந்ததும் தோலை ஒதுக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயின். இனி அந்தத் தோலை மெல்லுங்கள். நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு வரும். பின்னால் மேசையில் சிவப்பு ஒயினைச் சுவைக்கும்போது கடைவாயில் தட்டுப்படுவது அதே துவர்ப்புதான். ஒயின் திராட்சை ஏன் இவ்வளவு சின்னதாக, கொட்டை பெரிதாக, தோல் தடிமனாக இருக்கிறது, சந்தையில் வாங்குகிற திராட்சையைப் போல ஏன் இல்லை என்பதும் அப்போது விளங்கிவிடும். பழம் சிறுத்தால் சாற்றோடு ஒப்பிடத் தோல் அதிகம். நிறமும் மணமும் துவர்ப்பும் அதிகம்.

நந்தியில் சிக்கல் தோட்டத்தில் இல்லை, மலைமேல்தான். ஞாயிறு விடிகாலையில் சூரியோதயம் பார்க்க பெங்களூரே திரண்டு வரும். வார இறுதிகளில் வாகனக் கட்டுப்பாடு வருவதும் உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் மலை, பதினொரு மணி வாக்கில் ஆலை, மதியச் சாப்பாடு, பிறகு ஓய்வு. ஞாயிறு காலையில் அடிவாரத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் என்று வைத்துக்கொள்வது நல்லது. நுளம்பர் காலத்தில் தொடங்கி சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவர் கைவண்ணமும் சேர்ந்த கோயில் அது. மலைமேல் போகாமல் விட்டாலும் விடலாம். இந்தக் கோயிலை விடாதீர்கள். சுற்றுவட்டாரச் சாலைகளில் பந்தல் போட்டு வளர்க்கிற கருநீலத் திராட்சை ஒயின் திராட்சை அல்ல; அது புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் நீலத் திராட்சை, பெரும்பாலும் பழமாகவும் சாறாகவும் போகிறது.

மைசூர் சாலையில் போகிறவர்களுக்கு சென்னபட்டணத்தில் ஹெரிடேஜ் ஆலை இருக்கிறது. ராமநகரப் பாறைமலைகளைப் பார்த்துவிட்டு வழியில் எட்டிப் பார்க்கலாம். அதற்காகவே தனிப் பயணம் வேண்டாம்.

ஒயினுக்காகவே போகிறீர்கள் என்றால் நாசிக்

மும்பை, புனே தமிழர்களுக்கு இது வீட்டுவாசல். தாதரிலிருந்து ரயிலேறினால் கசாரா மலைப்பாதையைக் கடந்து இகத்புரி, அப்புறம் நாசிக் ரோடு. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு மூன்று நாளாவது வேண்டும். இரண்டு நாளில் அடக்கப் பார்த்தால் பயணத்திலேயே பொழுது போய்விடும்.

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் தொடங்கியது சூலா. தாயார் சுலபாவின் பெயரிலிருந்து வந்த பெயர். 1990-களின் பிற்பகுதியில் சோவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க் கொடிகளை நட்டு, 2000-ல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 2005-ல் சுவைக்கூடம் திறந்தார்கள். ஆலைக்குள் பொதுமக்களை அழைத்து உட்கார வைத்து ஒயின் ஊற்றுகிற வழக்கம் இந்தியாவில் பரவியது அதற்குப் பிறகுதான். சூலா இருக்கிற அதே கங்காபூர் அணைப் பக்கத்தில் யார்க், சோமா என்று அடுத்தடுத்து ஆலைகள். இகத்புரிப் பக்கம் முகனே நீர்த்தேக்கத்தை ஒட்டி வலோன் என்ற சின்ன ஆலை.

இத்தனை ஆலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நாசிக்கின் பலம். ஒரே செனின் பிளாங்க் திராட்சையை இரண்டு ஆலைகள் எப்படி வேறு வேறாக ஆக்குகின்றன என்று ஒரே நாளில் ஒப்பிட்டுச் சுவைக்கலாம். நந்தியில் அது நடக்காது. பலவீனமும் அதிலிருந்தே வருகிறது: எல்லாவற்றையும் பார்த்துவிடத் தோன்றும். நாளைக்கு இரண்டு ஆலைக்கு மேல் போகாதீர்கள். மூன்றாவது ஆலையில் நாக்கு மரத்துப்போயிருக்கும்; எது எப்படி இருந்தது என்று மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

எந்த இரண்டு? முதல் முறை போகிறவர்கள் ஒரு பெரிய ஆலை, ஒரு சின்ன ஆலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சூலாவின் அளவும் ஒழுங்கும் பார்க்க வேண்டியவைதான்; ஆனால் சனி ஞாயிறு மாலையில் அங்கே கல்யாண வீட்டுக் கூட்டம் இருக்கும், அமைதி தேடிப் போகிறவர்களுக்கு ஆகாது. வாரநாள் காலையில் போங்கள். சூலாஃபெஸ்ட் இசைவிழா நாட்களில், விழாவுக்காகவே போனாலொழிய அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். மாலைப்பொழுதை யார்க்கில் உட்கார்ந்து அணை நீர்ப்பரப்பைப் பார்த்தபடி கழிக்கலாம். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு என் தேர்வு இகத்புரிப் பக்கம் தங்கி வலோன் மட்டும். பழமில்லாத மாதத்தில் ஆலை ஆலையாக ஏறி இறங்கிக் காலித் தொட்டிகளைப் பார்ப்பதை விட, மலையையும் மழையையும் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் நிதானமாகச் சாப்பிடுவது மேல்.

அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதானால் நாசிக் வசதியான ஊர். பஞ்சவடி ஊருக்குள்ளேயே இருக்கிறது. திரியம்பகேஸ்வரர் சன்னதியும் கோதாவரி பிறக்கிற பிரம்மகிரியும் ஒரு மணி நேரத் தொலைவு. காலையில் தரிசனம், பெரியவர்கள் விடுதியில் ஓய்வெடுக்கிற மதியத்தில் ஆலை என்று யார் மனமும் கோணாமல் வைத்துக்கொள்ளலாம். 2027-ல் சிம்மஸ்த கும்பமேளா வருகிறது. அந்த வருஷம் நாசிக்கில் அறை தேடுவது பெரும்பாடு. நந்தியையோ கம்பத்தையோ பாருங்கள்.

மேசையில் உட்காருவதற்கு முன்

இது நந்திக்கும் நாசிக்குக்கும் பொது. வெறும் வயிற்றில் போகாதீர்கள். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மூக்கும் பக்கத்தில் இருப்பவர் மூக்கும் வேலை செய்யாது. நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே, சிவப்பு, இனிப்பு என்ற வரிசையில் சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். எல்லாவற்றையும் விழுங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கேளுங்கள். ஒயின் தயாரிக்கிறவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டு மாநிலங்களிலும் 21 வயது நிரம்பாதவர்களுக்கு ஒயின் ஊற்ற மாட்டார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஜனவரி 26 மதுவிலக்கு நாள். அறுவடைக் காலத்தில் நீளமான விடுமுறை கிடைக்கிறதே என்று குடியரசு தினத்தைச் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தேர்தல் நாட்களும் அப்படியே.

வண்டி விஷயத்தில் என்னிடம் சமரசமே கிடையாது. சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். ஐந்தாறு கோப்பை சுவைத்தவர் அந்தக் கணக்கைத் தன் மனசுக்குள் போட்டுப் பார்த்து ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. நந்தி மலைப்பாதையும் கசாராவும் வளைவுக்கு வளைவு கவனம் கேட்கிற பாதைகள். வாடகை வண்டியும் ஓட்டுநரும் வைத்துக்கொள்ளக் கையில் காசில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குடிக்காத நண்பர் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டால் அவருக்கும் சேர்த்து நல்ல சாப்பாடு நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். பாட்டில் வாங்குகிறவர்கள் வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விடாதீர்கள், ஒரு மதியத்தில் கெட்டுவிடும். வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு என்றால் கம்பம்

ஒயின் வேண்டாம், அல்லது ஒயின் அவ்வளவு முக்கியமில்லை என்கிறவர்கள் கம்பத்துக்குப் போங்கள். சுவைக்கூடம், பீப்பாய் அறை எல்லாம் அங்கே கிடையாது. ஆனால் திராட்சைத் தோட்டம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றில் முதலிடம் நான் கம்பத்துக்குத்தான் கொடுப்பேன். நந்தியிலும் நாசிக்கிலும் நீங்கள் சீட்டு வாங்கிய பார்வையாளர். வேலிக்கம்பி போல இழுத்துக் கட்டிய வரிசைகளுக்கு வெளியே நின்று பார்க்கிறீர்கள். கம்பத்தில் பந்தலுக்கு அடியில் நிற்பீர்கள். கல்கால் நட்டு, கம்பி பின்னி, ஆளுயரத்துக்கு மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். வெளியே கண் கூசுகிற வெயில் என்றாலும் உள்ளே இலை வடிகட்டிய வெளிச்சம்தான். குலைகள் தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்கும். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற வரலாறு. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று ஊருக்கு ஊர் பந்தல்தான். விதையில்லாத் திராட்சை பார்க்க வேண்டுமானால் ஓடைப்பட்டிப் பக்கம் போக வேண்டும். இத்தனை பசுமைக்கும் பின்னால் முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. மலையைக் குடைந்து வந்த அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கிப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தையும் லோயர் கேம்ப்பிலேயே பார்த்துவிடலாம்.

அறுவடை நடக்கிற தோட்டம் கிடைத்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெட்டுகிற பெண்கள் பழத்தைத் தொடுவதே இல்லை. ஒரு கையால் காம்பைப் பிடித்து, மறுகையால் கத்தரித்து, காம்பைப் பிடித்தபடியே குலையைத் திருப்பி, பழுக்காததையும் வெடித்ததையும் நறுக்கிவிட்டு, அப்படியே பெட்டியில் இறக்குவார்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல மெல்லிய பூச்சு இருக்கிறதே, விரல் பட்டால் அது அழிந்துவிடும். நகரத்தில் பலர் அதை மருந்து என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பழம் தானே போர்த்திக்கொள்கிற மெழுகு. ஈரப்பதம் போகாமல் காக்கிறது. மருந்து என்பது வேறு: இலையிலும் காம்பிலும் நீலமாகக் கோடு கோடாகக் காய்ந்திருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. ஒயினுக்குப் பேர்போன அதே போர்டோ ஊர்ப்பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த பூஞ்சைக்கொல்லி. நிறமில்லாமல் கண்ணுக்குத் தெரியாத மருந்துகளும் அடிப்பார்கள். எனவே பந்தலில் பறித்ததைக் கழுவாமல் பிள்ளைகள் வாயில் போட விடாதீர்கள்.

கம்பம் – குமுளி சாலையோரத்தில் சில தோட்டங்கள் பயணிகளுக்கென்றே திறந்திருக்கின்றன. பழச்சாறு, ஜாம், உலர்ந்த திராட்சை விற்பார்கள். அவையும் சரிதான். ஆனால் சுருளி அருவிக்குப் போகும் வழியில், கொஞ்சம் உள்ளடங்கி, வேலை நடக்கிற தோட்டமாகப் பார்த்து வாசலில் நின்று, "அண்ணே, உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். மருந்தடிக்கிற நாளாக இல்லாவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் மட்டும் நுழையாதீர்கள். ஒரு குலையில் கை வைத்தால் ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பில் கை வைப்பதாகும்.

மலைக்கு இங்கே பஞ்சமில்லை. குமுளி ஏறினால் தேக்கடி. சின்னமனூரிலிருந்து ஏறினால் மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள். மேகமலைப் பாதையில் வனத்துறை சோதனைச்சாவடி உண்டு, நேரக் கட்டுப்பாடும் உண்டு. மதியத்துக்கு மேல் ஏறலாம் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எனக்கு மேகமலை; ஆனால் வயதானவர்கள் இருந்தால் குமுளிப் பாதைதான் உடம்புக்குத் தோது. சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் சில நாள் ரயில் இருக்கிறது. தேனியில் இறங்கி வண்டி பிடித்துக்கொள்ளலாம். மதுரையிலிருந்து என்றால் பேருந்துக்குக் குறைவே இல்லை.

பழம் வாங்குவதைக் கடைசி நாள், ஊருக்குக் கிளம்புகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர்த் திராட்சைக்குத் தோல் மெல்லிசு; மணம் அதிகம், ஆயுசு குறைவு. பெட்டியின் மேலடுக்கைப் பார்த்து வாங்காமல் ஒரு குலையைத் தூக்கிப் பாருங்கள். காம்பு பச்சையாக இருந்தால் இன்று வெட்டியது. பழுப்பேறி முறுகியிருந்தால் பழையது. லேசாக உதறும்போது பழம் உதிர்ந்தால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மொத்தத்தையும் கழுவி வைக்க வேண்டாம். அட்டைப்பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் எடுத்து, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.